பறவை கண்டதையும் தின்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவைகளுக்குத் தீனி வைப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எழுதியவரின் அக்கறையில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. ஆயினும், பறவைகள் கண்ணில் பட்டதைக் கொத்தித் தின்பவை, எதை வைத்தாலும் அவற்றின் வயிறு நிரம்பிவிடும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பறவைகள் இரை தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். ஓரிடத்தில் தின்னத்தக்க பொருள் இருக்கிறது என்பதும், அங்கு வரும் பறவைக்கு உணவு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் பறவையின் தேர்வு நிற்கிறது. அந்தத் தேர்வு எதை வைத்து நடக்கிறது என்று அறியாமல் நாம் வைக்கும் தீனியும், நடும் மரமும், பாதுகாப்பதாகச் சொல்லும் நிலமும் பறவைக்குப் பயன்படாமலே போகக்கூடும். பயன்படவில்லை என்பதுகூட நமக்குத் தெரியாமல் போகக்கூடும்.

என் ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டில் கலப்பு விதைகளை வைப்பது வழக்கம். சிட்டுக்குருவி ஒன்று வந்து அமர்ந்தால் முதலில் அது விதைகளைப் பார்ப்பதே இல்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து மேலேயும் பக்கவாட்டிலும் பார்க்கிறது. பிறகுதான் குனிகிறது. ஒரு விதையை எடுக்கிறது, அலகுக்குள் நாக்கால் புரட்டுகிறது, கீழே போட்டுவிடுகிறது. அடுத்ததை எடுக்கிறது, அதையும் போடுகிறது. மூன்றாவதை மேலலகின் உட்புறத்தில் பொருத்திக் கீழலகால் அழுத்தி நசுக்க, உமி இரண்டாகப் பிளந்து அலகின் ஓரமாக வழிகிறது, பருப்பு மட்டும் உள்ளே போகிறது. இவ்வளவும் நடந்து முடிய ஓரிரு நொடிகளே ஆகின்றன. குருவி பறந்துபோன பின் அது போட்டுவிட்டுப் போன விதைகளை நான் எடுத்து நகத்தால் கீறிப் பார்த்ததுண்டு. பல பதராக இருந்தன. சில நன்றாகவே இருந்தன, ஆனால் தோல் கனத்தவை. பதரை ஒதுக்கியதற்கான காரணம் எளிதில் விளங்குகிறது. நல்ல விதையை ஏன் ஒதுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள்தான் இந்தத் துறையையே உருவாக்கினார்கள்.

1966-ஆம் ஆண்டில் சூழலியல் அறிஞர்களான ராபர்ட் மெக்ஆர்தர், எரிக் பியாங்கா ஆகிய இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரையும், அதே ஆண்டில் மெரிட் எம்லன் தனியாக ஒரு கட்டுரையும் வெளியிட்டார்கள். இரை தேடுவதில் விலங்கு செலவிடுவது நேரம், பெறுவது ஆற்றல், ஆகவே ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது என்பதை வைத்தே ஓர் இரையின் மதிப்பைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தொடங்கிவைத்த சிந்தனை. இதில் இரையைத் தேடும் நேரம் ஒன்று, தேடிக் கண்டபின் அதைப் பிடித்து, ஓட்டையோ உமியையோ சிறகையோ நீக்கி விழுங்கி முடிக்கும் நேரம் மற்றொன்று. ஒரு சிற்றிரையைத் தின்று முடிப்பதற்குள் அருகில் ஒரு பேரிரை கிடைத்துவிடும் என்றால், அந்தச் சிற்றிரை தானாக வந்து காலடியில் கிடந்தாலும் அதைத் தொடுவது நட்டம். இதிலிருந்து, கேட்ட மாத்திரத்தில் நம்பக் கடினமான ஒரு முடிவு பிறக்கிறது: சிற்றிரையைத் தின்பதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பது, சிற்றிரை எவ்வளவு மலிந்து கிடக்கிறது என்பதன்று, நல்ல இரை எவ்வளவு அடிக்கடி எதிர்ப்படுகிறது என்பதே. மோசமான இரை மலைபோல் குவிந்து கிடந்தாலும், நல்ல இரை போதிய அளவில் வந்துகொண்டிருக்கும் வரை பறவை அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

காகிதத்தில் எழுதிய கணக்கைப் பறவை மதிக்குமா என்று சோதித்துப் பார்த்தவர் ஆக்ஸ்போர்டின் ஜான் கிரெப்ஸ். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், கூண்டிலிருந்த பட்டாணிக்குருவிகளின் முன்னால் ஓடும் பட்டை ஒன்றை அமைத்தார்கள். அந்தப் பட்டையில் மாவுப்புழுவின் துண்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். குருவி ஒரு சிறு திறப்பின் வழியாக அவற்றைக் கண நேரம் மட்டுமே பார்க்க முடியும். துண்டுகளில் பெரியவையும் இருந்தன, அவற்றில் பாதி அளவான சிறியவையும் இருந்தன. சிறிய துண்டின் மேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டியிருந்தபடியால் அதைப் பிரித்துத் தின்ன நேரம் பிடித்தது. எந்தத் துண்டு எவ்வளவு அடிக்கடி வர வேண்டும் என்பதை ஆய்வாளர்களே தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். இரண்டுமே அரிதாக வந்தபோது குருவிகள் வந்ததை எல்லாம் எடுத்தன. கண்டதைக் கொத்தும் என்ற கருத்து அந்த ஒரு நிலையில் மட்டும் சரியாகத்தான் இருந்தது. பெரிய துண்டுகளை அடிக்கடி வரச் செய்ததும், அவை சிறியவற்றை விட்டுவிட்டுப் பெரியவற்றையே எடுக்கத் தொடங்கின. அதன் பின்னர் சிறிய துண்டுகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டியும் அவற்றின் முடிவு மாறவில்லை. பட்டையில் சிறிய துண்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்க, குருவி அவற்றைப் போகவிட்டுப் பெரியதற்காகக் காத்திருந்தது. இந்த ஆய்வை வகுப்பில் விளக்கிய ஒவ்வொரு முறையும், அந்தக் குருவியின் பொறுமையை நினைத்து எனக்கே ஒரு சிலிர்ப்பு ஏற்படும்.

ஆனால் குருவிகள் கணக்கை அச்சுப் பிசகாமல் பின்பற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கின்படி ஓர் எல்லையைக் கடந்ததும் சிறிய துண்டை அறவே விட்டுவிட வேண்டும். குருவிகளோ படிப்படியாகத்தான் மாறின, இடையிடையே ஒரு சிறிய துண்டை எடுத்துக்கொண்டும் இருந்தன. இதைப் பறவையின் தவறு என்று நான் மாணவர்களுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. பெரிய துண்டு எவ்வளவு அடிக்கடி வரும் என்று யாரும் குருவியிடம் சொல்லிவைக்கவில்லை. அதைத் தானே பழகிப் பழகி அறிய வேண்டும். நாளைக்கு நிலைமை மாறினால் அதுவும் தெரிய வேண்டும். அவ்வப்போது மற்றதையும் எடுத்துச் சுவைத்துப் பார்ப்பவர்க்குத்தான் மாற்றம் முதலில் தெரியும். போதாததற்கு, கண நேரத்தில் பெரியதையும் சிறியதையும் பிரித்தறிவதில் தடுமாற்றம் யாருக்கும் வரும்.

பெரியதே நல்லது என்று பறவைகள் எப்போதும் எண்ணுவதும் இல்லை. நிக் டேவிஸ் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், சாணத்தில் மொய்க்கும் ஈக்களைப் பிடித்துத் தின்னும் வாலாட்டிக்குருவிகள் ஏறத்தாழ 7 மி.மீ. நீளமுள்ள ஈக்களையே விரும்பி எடுத்ததைக் காட்டினார். அதைவிடப் பெரிய ஈக்களும் அங்கே இருந்தன. ஆனால் பெரிய ஈயைப் பிடித்து அடக்கி விழுங்க நேரம் அதிகம் ஆகிறது. நொடிக் கணக்கில் பார்த்தால் நடுத்தர ஈதான் அதிக ஆற்றல் தருகிறது. சிப்பிகளை உடைத்துத் தின்னும் சிப்பிப்பிடிப்பான் பறவையும் இப்படித்தான். மிகப் பெரிய சிப்பிக்குள் சதை நிறைய இருந்தாலும், உடைக்க முயன்று உடைபடாமல் கைவிட நேரும் சிப்பிகள் அந்த அளவில்தான் அதிகம். உடைபட்டவற்றின் ஆதாயத்தை மட்டும் கணக்கிட்ட ஆய்வாளர்களுக்குப் பெரிய சிப்பியே சிறந்ததாகத் தோன்றியது. உடைபடாமல் போனவற்றில் பறவை இழந்த நேரத்தையும் சேர்த்தபோதுதான், அது ஏன் நடுத்தரச் சிப்பியைத் தேடுகிறது என்பது அவர்களுக்கு விளங்கிற்று.

காகத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கனடாவின் மேற்குக் கரையோரத் தீவொன்றில் வாழும் காகங்கள், நீர் வற்றிய வேளையில் பாறைகளுக்கிடையே இறங்கிக் கடல் நத்தைகளைப் பொறுக்கி எடுத்துப் பறந்துபோய், மேலிருந்து பாறை மேல் போட்டு ஓட்டை உடைத்துத் தின்னும். ரெட்டோ ஸாக் என்பவர் இதைக் கூர்ந்து ஆராய்ந்து 1979-இல் எழுதினார். அந்தக் காகங்கள் பெரிய நத்தைகளை மட்டுமே எடுத்தன. சில வேளைகளில் ஒன்றை அலகால் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டும் போயின. ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டன. ஸாக் தாமே பல அளவு நத்தைகளைப் பல உயரங்களிலிருந்து போட்டுப் பார்த்தார். சிறிய நத்தை எளிதில் உடையவில்லை. குறைந்த உயரத்திலிருந்து போட்டால் பல முறை போட வேண்டியிருக்கிறது. மிக உயரத்திலிருந்து போட்டால் உடைவது அதற்கேற்பக் கூடுவதில்லை, ஏறிப் பறக்கும் உழைப்புத்தான் கூடுகிறது. ஒரு நத்தை உடையும் வரை மொத்தமாக ஏற வேண்டிய உயரம் எந்த அளவில் மிகக் குறைவு என்று பார்த்தபோது அதுவும் ஏறத்தாழ 5 மீட்டர் என்றே வந்தது. இன்னொன்றையும் அவர் கண்டார். ஒரு நத்தை நான்கு முறை போட்டும் உடையவில்லை என்பதால் ஐந்தாம் முறை உடையும் வாய்ப்புக் குறைந்துவிடுவதில்லை. எனவே அதை எறிந்துவிட்டுப் புதியதைத் தேடிப் போவதில் ஆதாயம் இல்லை. காகங்களும் எடுத்த நத்தையை விடாமல், அது உடையும் வரை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தன.

இதுவரை சொன்னவற்றில் ஆற்றலும் நேரமும் மட்டுமே வந்தன. ஆனால் சிட்டுக்குருவி விதையைப் பார்க்கும் முன் வானத்தைப் பார்த்ததே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தான் தின்னும்போதே தன்னைத் தின்ன ஒன்று வரக்கூடும் என்ற அச்சம் எந்தச் சிறு பறவைக்கும் ஒரு நொடியும் நீங்குவதில்லை. பட்டாணிக்குருவியின் உறவினமான சிக்கடி என்ற பறவையை வைத்து ஸ்டீவன் லீமா 1985-இல் செய்த ஆய்வில், தீனியைத் திறந்த வெளியில், புதரிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் வைத்துப் பார்த்தார். தின்ன நேரம் பிடிக்கும் பெரிய துண்டு கிடைத்தால் பறவை அதைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் போய்த் தின்றது. நொடியில் விழுங்கக்கூடிய சிறு துண்டை இருந்த இடத்திலேயே தின்றது. புதர் தொலைவாக ஆக ஆக, தூக்கிச் செல்வது குறைந்தது. தூக்கிச் செல்வதால் நேரம் வீணாகிறது, தூக்கிச் செல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. இரண்டையும் ஒன்றோடொன்று வைத்து நிறுத்துப் பார்த்தாலன்றி இப்படி நடந்துகொள்ள முடியாது.

பசியின் அளவும் தேர்வை மாற்றிவிடும். தாமஸ் கராக்கோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1980-இல் ஜங்கோ என்னும் சிறு பறவைகளுக்கு இரண்டு இடங்களைக் காட்டினார்கள். ஓரிடத்தில் எப்போது போனாலும் விதைகள் ஒரே எண்ணிக்கையில் இருக்கும். மற்றோரிடத்தில் சில வேளை ஒன்றும் இராது, சில வேளை இரண்டு மடங்கு இருக்கும்; சராசரி இரண்டிலும் ஒன்றுதான். அன்றாடத் தேவைக்குப் போதிய அளவு தின்று வந்த பறவைகள் நிச்சயமானதை நாடின. தேவைக்குக் குறைவாகவே கிடைத்து வந்த பறவைகள் நிச்சயமற்றதை நாடின. ஏன் என்று சற்றே எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. நிச்சயமாகக் கிடைக்கும் சிறிதளவு தீனி இரவைத் தாண்ட உதவாது என்ற நிலையில், இரண்டு மடங்கு கிடைக்கக்கூடும் என்ற வாய்ப்பு ஒன்றுதான் அந்தச் சிற்றுயிருக்கு எஞ்சியிருக்கிறது.

இனி வயிற்றுக்கு வருகிறேன், ஏனெனில் எத்தனை கிடைத்தாலும் அதைச் செரிக்க முடிய வேண்டும். சேற்றுக் கரைகளில் இரை தேடும் ரெட் நாட் என்னும் உள்ளான் இனப் பறவை, சிறு சிப்பிகளை ஓட்டோடு முழுசாக விழுங்கி, இரையை அரைக்கும் வலுவான தசைப்பையில் நொறுக்குகிறது. இந்தப் பறவைக்கு இரையைக் கண்டுபிடிப்பதை விட, விழுங்கிய ஓட்டை அரைத்து வெளியேற்றுவதே காலம் பிடிக்கும் வேலை. ஆகவே அது எடைபோடுவது சிப்பியின் அளவை அன்று. ஓட்டின் எடைக்கு உள்ளே எவ்வளவு சதை இருக்கிறது என்பதையே. ஓடு மெலிந்த சிப்பி அதற்குச் சிறந்தது. இன்னும் வியப்பு என்னவென்றால், அந்த அரைவைத் தசைப்பையே சில வாரங்களுக்குள் தேவைக்கேற்பப் பெருக்கவும் சுருங்கவும் செய்கிறது. நெதர்லாந்தின் தேயுனிஸ் பியர்ஸ்மாவும் யான் வான் கில்ஸும் பல ஆண்டுகள் உழைத்து நிறுவிய உண்மை இது. ஒரே பறவைக்கு ஒரு மாதத்தில் ஏற்ற இரையாக இல்லாதது, வயிறு பெருத்த பின் அடுத்த மாதத்தில் ஏற்ற இரையாகிவிடலாம்.

எல்லாப் பறவைகளும் ஆற்றல் கணக்குக்கு அடங்கிவிட்டன என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஜான் காஸ்-கஸ்டர்ட் 1970-களில் ஆராய்ந்த பவளக்காலி உள்ளான்கள், சேற்றுப்புழுக்களைத் தின்னும்போது கணக்குப்படி பெரிய புழுக்களையே தேர்ந்தன. ஆனால் கொரோஃபியம் என்னும் சின்னஞ்சிறு ஓட்டுடலி கிடைத்த இடங்களில், நேரத்துக்கு அதிக ஆற்றல் தரும் புழுவை விட்டுவிட்டு அதையே நாடின. ஆற்றல் மட்டுமே வாழ்க்கை என்றால் இது பிழை. அப்படியன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றுகள் வேறு பறவைகளிடம் உள்ளன.

நீலப் பட்டாணிக்குருவிகள் பொரித்துச் சில நாள்களே ஆன குஞ்சுகளுக்குச் சிலந்திகளைத் தேடித் தேடிக் கொண்டுவந்து ஊட்டுகின்றன. குஞ்சுகள் வளர்ந்ததும் பெரும்பாலும் புழுக்களுக்கு மாறிவிடுகின்றன. சிலந்தியில் டாரின் என்ற சத்து மிகுதி. 2007-இல் வெளியான ஆய்வொன்றில், டாரின் கூடுதலாக ஊட்டப்பட்ட குஞ்சுகள் வளர்ந்தபின் துணிச்சல் மிக்கவையாகவும், இடத்தை நினைவில் வைத்துக் கற்பதில் தேர்ந்தவையாகவும் இருந்தன. முட்டையிடும் காலத்துத் தாய்ப்பறவையின் தேவை மற்றொன்று. ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் புழுவிலும் பூச்சியிலும் போதிய அளவில் கிடைப்பதில்லை என்பதால், அது நத்தை ஓடுகளைத் தேடிப்போய்த் தின்கிறது. அமில மழையால் மண் கெட்டு நத்தைகள் அருகிப்போன நெதர்லாந்துக் காடுகளில் பட்டாணிக்குருவிகள் மெல்லிய, துளைகள் மிகுந்த ஓடுள்ள முட்டைகளை இட்டதையும், நத்தை ஓட்டையும் கோழிமுட்டை ஓட்டையும் வைத்தபோது அந்தக் குறை நீங்கியதையும் யாப் கிராவ்லண்டும் அவர் குழுவினரும் 1994-இல் எழுதினார்கள். அந்தக் காடுகளில் தின்னப் புழுவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தீனி இருந்தது, தேவைப்பட்ட ஒன்று மட்டும் இல்லை.

நாவும் பறவைக்குப் பறவை வேறு. நம் வாயை எரிக்கும் மிளகாயின் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை; காரத்தைப் பற்றிக்கொள்ளும் நரம்பு ஏற்பி அவற்றில் அதற்கு மசிவதில்லை என்று 2002-இல் காட்டப்பட்டது. பறவையின் வயிற்றில் விதை சிதையாமல் வெளியேறுவதால் செடிக்கும் இதில் நலம். ஸ்டார்லிங் என்னும் மைனாவின் உறவினத்துக்கோ, சுக்ரோஸ் சர்க்கரையை உடைக்கும் நொதி குடலில் இல்லை; நாம் இனிப்பென்று வைப்பதை விட்டு, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உள்ள பழத்தையே அது நாடும். பட்டறிவும் தேர்வில் கலந்திருக்கிறது. எருக்கின் இனமான பால்செடிகளைத் தின்று நஞ்சேறிய மன்னர் வண்ணத்துப்பூச்சியை ஒரு முறை தின்ற புளூ ஜே பறவை, சற்று நேரத்தில் அதை வாந்தி எடுத்துவிட்டுப் பிறகு அந்த நிறச் சிறகைக் கண்டாலே ஒதுங்கிவிட்டதை லிங்கன் பிரவர் 1960-களில் படம் பிடித்தே காட்டினார். புளூ ஜேயைப் போலவே காகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்க்ரப் ஜே பறவை, எதை எங்கே ஒளித்து வைத்தோம் என்பதோடு எப்போது வைத்தோம் என்பதையும் மறப்பதில்லை. நிக்கோலா கிளேட்டனும் அந்தோணி டிக்கின்சனும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புதைத்து 4 மணி நேரமே ஆகியிருந்தால் அவை தங்களுக்கு மிகவும் பிடித்த புழுவைத் தோண்டப் போயின. 124 மணி நேரம் கடந்திருந்தால், புழு அழுகியிருக்கும் என்பதைப் பழகி அறிந்திருந்த பறவைகள் கெடாத நிலக்கடலையைத் தேடிப் போயின.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். ஒரு வரிக்கு இத்தனை விளக்கமா என்று தாங்கள் கேட்கலாம். அந்த வரியை நம்பி எடுக்கும் முடிவுகளால் பறவைகள் மடிகின்றன என்பதால்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது. நெதர்லாந்தின் கரையோரச் சேற்றுப் பரப்பான வாடன் கடலில், பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே எந்திரங்களால் சிப்பி வாரி எடுக்க அனுமதி இருந்தது. பறவைகளுக்கும் சிப்பி மிஞ்சும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். வாரிய இடங்களில் எஞ்சிய சிப்பிகளின் தரம் தாழ்ந்தது. ஓட்டுக்கு ஏற்ற சதை இல்லை. ரெட் நாட் பறவைகள் பிழைக்க வேண்டுமானால் முன்னைவிடப் பெரிய அரைவைத் தசைப்பை வேண்டியிருந்தது. அதை வளர்த்துக்கொள்ள இயலாத பறவைகளுக்கு அங்கே உயிர் வாழ வழி இல்லாமற்போக, அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. வான் கில்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006-இல் இதை விளக்கமாக எழுதினார்கள். சிப்பிகளை எண்ணிப் பார்த்தவர்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் பறவைக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கடற்கரையில் நடந்த இந்தப் பிழை தோட்டத்திலும் காட்டிலும் நடக்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆகவே தீனி வைப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, நானே வைக்கிறேன். ஆனால் தட்டு காலியாவதை மட்டும் வைத்துப் பறவைக்கு அது உகந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல இரை அரிதாகும்போது பறவை மட்டமானதையும் தின்னும் என்பதைத்தான் அந்தப் பட்டாணிக்குருவிகள் காட்டின. நாம் வைத்ததை அது விரும்பித் தின்கிறதா, வேறு வழியின்றித் தின்கிறதா என்று அறிய, சற்று நேரம் அமர்ந்து அது எதை ஒதுக்குகிறது என்று பார்க்க வேண்டும். குஞ்சு வளர்க்கும் பருவத்தில் விதை தின்னும் பறவைகள்கூடப் புழு பூச்சிகளைத் தேடி அலைவதைக் காணலாம். அந்தப் பருவத்தில் தட்டு நிறைய விதை வைப்பதைவிட, தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பது பெரிய உதவி. தட்டை வைக்கும் இடமும் முக்கியம். பறவை ஓடி ஒளியப் புதரோ கிளையோ எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அதே புதரில் பூனை பதுங்கியிருக்கவும் வழி இருக்கக் கூடாது. உடைத்து உலர்த்திய முட்டை ஓட்டை, முட்டையிடும் காலத்தில் ஓர் ஓரமாக வைத்துப் பாருங்கள். எந்தப் பறவை வந்து எடுக்கிறது என்று பார்ப்பதே ஒரு பாடம்.

அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவர இருப்பதாக அறிவித்திருந்தீர்கள். அதில் இந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டும் என்றும், எந்தத் தீனியைப் பரிந்துரைத்தாலும் அது எந்தப் பறவைக்கு, எந்தப் பருவத்துக்கு என்பதைச் சேர்த்தே எழுதுமாறு கட்டுரையாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்